நிலத்துக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் தேடுவது எப்படி? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலத்துக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்வதற்கு சீஸ்மிக் ஆய்வு என்று பெயர். கோலாலம்பூரில் அந்தத் தரவைச் சீர்செய்யும் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வந்தால் ஒட்டுக்கடையிலும் கோவிலிலும் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளிடமும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. போன விடுமுறையில் தோட்டத்துப் பக்கம் சிலர் கேபிள் போட்டு ஏதோ அளந்துவிட்டுப் போனதிலிருந்து கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதியிருக்கிறேன்.

ரோட்டோரமா கேபிள் போட்டு சுத்தியலால அடிச்சுப் பார்த்தாங்களே, நம்ம தோட்டத்துக்கு அடியில எண்ணெய் இருக்கா அக்கா?

இல்லை. அவர்கள் செய்ததும் ஒருவகை சீஸ்மிக் ஆய்வுதான், ஆனால் மிகச் சின்ன அளவில். தரையில் ஓர் இரும்புத் தட்டை வைத்து, பெரிய சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. சில மீட்டருக்கு ஒன்றாக மண்ணில் குத்திவைத்த ஜியோபோன்கள் அந்த அதிர்வைப் பதிவு செய்யும். ஜியோபோன் என்பது கைக்குள் அடங்கும் டப்பா. கீழே ஒரு கூரான ஆணி, உள்ளே ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும். மண் ஆடினால் சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையே அசைவு உண்டாகி, சின்ன மின்சாரம் பிறக்கும். சுத்தியல் அடியை வைத்துச் சில பத்து மீட்டர் ஆழம்தான் பார்க்க முடியும். கட்டடமோ சாலையோ போடுமுன், கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது, சுண்ணாம்புக்கல்லுக்குள் பொந்து இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இது உதவும்.

எண்ணெய் தேடுபவர்கள் பார்ப்பது கிலோமீட்டர் கணக்கான ஆழம். அதோடு, நம் கிந்தா பள்ளத்தாக்கின் பாறை எண்ணெய்க்கு ஏற்றது இல்லை. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும், பாறைக்குழம்பு உறைந்து உண்டான கருங்கல். சுமார் 20 கோடி ஆண்டுப் பழசு. பள்ளத்தாக்குக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் அதைவிடப் பழையது. அந்தச் சூட்டில் வெந்து பல இடங்களில் சலவைக்கல்லாகவே மாறிவிட்டது. அதில் எப்போதாவது எண்ணெய் இருந்திருந்தாலும் என்றைக்கோ தீய்ந்து போயிருக்கும். அந்தக் கருங்கல் நமக்குக் கொடுத்தது வெள்ளீயம்.

அப்ப மலேசியாவுல எண்ணெய் எங்கதான் கிடைக்குது?

முதலில் கிடைத்தது சரவாக்கில், மீரி நகரத்தை ஒட்டிய குன்றின் மேல். ஷெல் நிறுவனம் 1910-ல் அங்கே முதல் கிணற்றைத் தோண்டியது. இன்றைக்குக் கிடைப்பது ஏறக்குறைய எல்லாமே கடலுக்கு அடியிலிருந்துதான்: திரெங்கானுவுக்குக் கிழக்கே, சரவாக் கடலில், சபா கடலில். சபாவின் கிக்கே எண்ணெய் வயலில் தண்ணீரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அங்கே 2007-ல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள்.

திரெங்கானுவுக்கு அப்பால் கடலடியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. கடந்த மூன்றரைக் கோடி ஆண்டுகளாக ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும் அதை நிரப்பிவிட்டன. நடுப்பகுதியில் அந்தப் படிவத்தின் கனம் 12 கிலோமீட்டருக்கும் மேல். தாப்பிஸ் உள்பட தீபகற்பத்தின் எண்ணெய் வயல்கள் ஏறக்குறைய எல்லாம் அந்தப் படிவத்துக்குள்தான் இருக்கின்றன.

பூமிக்குள்ள எண்ணெய் குளம் மாதிரி கிடக்குமா?

நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு வாளி நிறைய காய்ந்த ஆற்று மணலை எடுத்துக்கொண்டு, மேல் மட்டம் வரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வாளி ஏற்கெனவே நிரம்பி இருந்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் உள்ளே போகும். மணிகளுக்கு நடுவே அவ்வளவு இடம் இருக்கிறது. அந்த மணலே ஆழத்தில் அழுந்தி மணற்கல்லாக இறுகிய பிறகும் 15 முதல் 30 விழுக்காடு வரை இடம் மிஞ்சலாம். எண்ணெய் இருப்பது அந்த நுண்துளைகளில்தான்.

ஆனால் நுண்துளை மட்டும் இருந்தால் போதாது. முதலில் மூலப்பாறை வேண்டும். பாசியும் இலைதழையும் புதைந்த களிப்பாறையோ நிலக்கரியோ இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய், நூறு பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் பல இலட்சம் ஆண்டுகள் இருந்தால்தான் எண்ணெய் உண்டாகும். உண்டான எண்ணெய் தண்ணீரைவிட லேசானது என்பதால் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க, எண்ணெய் புக முடியாத அளவுக்குத் துளைகள் மிக நுண்ணிய ஒரு களிப்பாறை மூடிபோல் மேலே இருக்க வேண்டும். அந்த மூடியும் பக்கவாட்டில் நழுவ விடாமல், கவிழ்ந்த வடிவில் இருக்க வேண்டும். இப்படி எண்ணெய் சிக்கி நிற்கும் இடத்தை ‘பொறி’ என்கிறோம். இத்தனையும் ஒரே இடத்தில், சரியான வரிசையில் அமைவது அபூர்வம். நாங்கள் தேடுவது இந்தப் பொறியின் வடிவத்தை. எண்ணெயை நாங்கள் நேரடியாகப் பார்ப்பதில்லை. கீழே வரும் பதில்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

சும்மா சத்தம் போட்டு ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆழத்தை எப்படிப் பார்க்கிறாங்க?

சுண்ணாம்புக்கல் மலைக்கு எதிரே நின்று கத்தினால் குரல் திரும்பி வரும். காற்றும் பாறையும் வேறு வேறு பொருள் என்பதால், ஒலி அந்த எல்லையில் பட்டுத் திரும்புகிறது. நிலத்துக்குள்ளும் அப்படித்தான். ஒவ்வொரு பாறைக்கும் ஓர் அடர்த்தி உண்டு, அதில் ஒலி ஓடும் வேகம் ஒன்று உண்டு. இந்த இரண்டையும் பெருக்கினால் வரும் எண், அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளில் எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அவ்வளவு பலமாக எதிரொலி வரும். வித்தியாசம் இல்லையென்றால் எதிரொலியும் இல்லை. பாறையே மாறியிருந்தாலும் எங்கள் படத்தில் அங்கே ஒன்றும் தெரியாது.

கருவி அளப்பது நேரத்தைத்தான். கடல் நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். பாறையில் அது 2000-லிருந்து 6000 வரை இருக்கும். மேலிருந்து ஓர் அடுக்கு வரை சராசரி வேகம் நொடிக்கு 2500 மீட்டர் என்றும், எதிரொலி வர 2 நொடி ஆனது என்றும் வைத்துக்கொள்வோம். போய்வந்த தூரம் 5000 மீட்டர். அப்படியானால் ஆழம் 2500 மீட்டர். கணக்கு இவ்வளவு எளிதுதான். கஷ்டம் அந்தச் சராசரி வேகத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. இந்த எதிரொலி முறையை 1921-லேயே அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

கடல்ல வெடி வைக்கிறாங்களா? மீன் எல்லாம் செத்துப் போகாதா?

கடலில் இப்போது வெடிமருந்து வைப்பதில்லை. ஏர்கன் என்னும் உலோக உருளைக்குள், சதுர அங்குலத்துக்குச் சுமார் 2000 பவுண்டு அழுத்தத்தில் காற்றை அடைத்து, அதை ஒரே கணத்தில் தண்ணீருக்குள் திறந்துவிடுவார்கள். கப்பல் ஒரு மணிக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகப் போகும். பின்னால் எட்டு, பத்து கிலோமீட்டர் நீளத்தில் பல கேபிள்கள் மிதந்து வரும். ஸ்ட்ரீமர் என்று பெயர். அவற்றுக்குள் வரிசையாக ஹைட்ரோபோன்கள், தண்ணீரின் அழுத்த மாற்றத்தைக் கேட்கும் காதுகள். தரையில் என்றால் துளை போட்டுச் சிறிய வெடி வைப்பதும் உண்டு, தரையை அதிரவைக்கும் கனரக லோரிகளைப் பயன்படுத்துவதும் உண்டு.

கடல் உயிர்களைப் பற்றிய கவலை நியாயமானது. ஏர்கன் சத்தம் திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்) போன்றவற்றுக்கு உண்மையிலேயே தொந்தரவு. அதனால்தான் எடுத்தவுடன் முழுச் சத்தம் போடாமல், சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள், அவை விலகிப் போக நேரம் கிடைக்கும். பக்கத்தில் ஓர் உயிர் தென்பட்டால் நிறுத்துவதற்கு மேல்தளத்தில் ஆள் வைத்துக் கண்காணிப்பதும் உண்டு. மீனவர்களுக்கு இன்னொரு பாதிப்பு: அத்தனை நீளக் கேபிள் போகும் பாதையில் அந்த நாள்களில் வலை போட முடியாது. முன்கூட்டியே அவர்களோடு பேசி வைப்பது ஆய்வுக்குழுவின் கடமை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கப்பல்லயே எல்லாம் பதிவாகுதுன்னா, நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்து என்னதான் செய்றீங்க?

பதிவாகி வருவதை அப்படியே பார்த்தால் ஒன்றும் புரியாது. கோவில் மண்டபத்தில் மைக்கில் பேசும்போது சத்தம் சுவரில் பட்டுப் பட்டு, ஒரு சொல் அடுத்த சொல்லின் மேல் ஏறி விழுமே, அந்த நிலைமைதான். கடல்மட்டத்துக்கும் கடலடிக்கும் நடுவே ஒலி பலமுறை எகிறிக்கொண்டே இருக்கும். ஒரே அடுக்கு மூன்று நான்கு தடவை படத்தில் வந்து நிற்கும். அந்தப் போலி எதிரொலிகளைக் கண்டுபிடித்து நீக்குவதில் பெரும்பாலான நாள் போய்விடுகிறது. அலைச் சத்தம், பக்கத்தில் போகும் கப்பலின் சத்தம் எல்லாவற்றையும் வடிகட்ட வேண்டும். நிலத்தடியில் ஒரே இடத்தை வெவ்வேறு தூரத்திலிருந்து கேட்ட பதிவுகளை நேரத்தைச் சரிசெய்து ஒன்றாகக் கூட்ட வேண்டும். கூட்டினால் உண்மையான எதிரொலி வலுக்கும், இரைச்சல் மங்கும். கடைசியாக, சாய்ந்த அடுக்கிலிருந்து வந்த எதிரொலி தப்பான இடத்தில் விழுந்திருக்கும், அதை உரிய இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

தரவின் அளவைச் சொன்னால் வேலை எவ்வளவு என்று தெரியும். 10 கேபிள், ஒவ்வொன்றிலும் 640 பதிவு வழிகள், 8 நொடிப் பதிவு, நொடிக்கு 500 அளவீடு என்று வைத்தால், ஒரே ஒரு சத்தத்துக்குச் சுமார் 100 மெகாபைட் வரும். கப்பல் பத்துப் பதினோரு நொடிக்கு ஒரு சத்தம் போடும், இராப்பகலாக.

2டி, 3டி, 4டின்னு சொல்றாங்களே?

ஒரு கோட்டின் வழியே மட்டும் அளந்தால் 2டி. ஒரு வெட்டுமுகம் கிடைக்கும், கோட்டுக்கு இடப்புறமும் வலப்புறமும் என்ன என்று தெரியாது. நெருக்கமாகப் பல கோடுகள் போட்டு முழுக் கனத்தையும் படமாக்கினால் 3டி. அதே வயலைச் சில ஆண்டு கழித்து மறுபடியும் அளந்து, எண்ணெய் எடுத்ததால் என்ன மாறியது என்று ஒப்பிட்டால் 4டி. நான்காவது பரிமாணம் காலம்.

படத்துல சிவப்பா தெரியுற இடம்தான் எண்ணெயா?

நிறம் நாங்கள் கொடுப்பது. பலமான எதிரொலியின் ஒரு பக்கத்துக்குச் சிவப்பு, எதிர்ப் பக்கத்துக்கு நீலம் என்று வைத்திருப்போம். மென்பொருளில் ஒரு சொடுக்கில் அதைப் பச்சையாக்கிவிடலாம்.

ஆனால் சில தடயங்கள் உண்டு. மணற்கல்லில் தண்ணீருக்குப் பதில் எரிவாயு இருந்தால் ஒலி வேகம் நன்றாகக் குறையும். அதனால் அந்த இடத்து எதிரொலி திடீரென்று பலமாகும். இன்னொன்று, எரிவாயுவுக்கும் கீழே இருக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள மட்டம். சுற்றியுள்ள அடுக்குகள் எல்லாம் வளைந்தும் சாய்ந்தும் இருக்க, அது மட்டும் படுக்கையாக, கோடு கிழித்தாற்போல் நிற்கும். அப்படி ஒரு கோடு பொறியின் விளிம்போடு சரியாகப் பொருந்தினால், அது எனக்கு மிகவும் பிடித்த தடயம். எண்ணெயோ தண்ணீருக்கு நெருங்கிய குணம் உள்ளது. அதனால் அதன் தடயம் பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும்.

இவ்வளவு செஞ்சும் கிணறு தோண்டினா ஒண்ணுமே இல்லைன்னு வருதே, ஏன்?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற கிராணி ஒருவர். இங்கே வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி இது. காரணம் ஒன்றல்ல.

முதலாவது, பலமான எதிரொலி எல்லாம் எரிவாயு அல்ல. திரெங்கானுக் கடலின் அடுக்குகளில் நிலக்கரி நிறைய. நிலக்கரி லேசானது, ஒலியும் அதில் மெதுவாகத்தான் ஓடும். படத்தில் அது எரிவாயு போலவே பளிச்சென்று நிற்கும். எரிவாயுவே இருந்தாலும் ஒரு சிக்கல்: துளைகளில் பத்து விழுக்காடு வாயு இருந்தாலும் ஒலி வேகம் ஏறக்குறைய முழு அளவுக்கே இறங்கிவிடும். நிறைய இருப்பதும் கொஞ்சமாக இருப்பதும் படத்தில் ஒன்றுபோல் தெரியும்.

இரண்டாவது, வேகம். மேலே நான் சொன்ன கணக்கில் சராசரி வேகம் 2500 இல்லை, 2450 என்று வைத்துப் பாருங்கள். ஆழம் 50 மீட்டர் மாறிவிடும். பொறியின் உயரமே 40 மீட்டர் என்றால், பொறி என்று நாம் நினைத்த மேடு அங்கே இல்லாமலே போகலாம். மேலே கெட்டியான சுண்ணாம்புக்கல் இருந்தால் ஒலி அதில் வேகமாக ஓடிவிடும், கீழே உள்ள தட்டையான அடுக்கு மேடுபோலத் தெரியும். மேலே எரிவாயு கசிந்திருந்தால் நேர்மாறு: கீழே உள்ள உண்மையான மேடுகூடப் பள்ளமாகத் தெரியும், சில சமயம் படமே கலங்கிவிடும். திரெங்கானுக் கடலில் இந்தக் கலங்கல் அடிக்கடி வரும். அதைத் தாண்டிப் பார்க்க, கடலடியிலேயே கருவிகளை வைத்து, திரவமும் வாயுவும் அதிகம் பாதிக்காத குறுக்கலைகளை, அதாவது பாறையைப் பக்கவாட்டில் அசைத்துப் போகும் அலைகளை, பதிவு செய்கிறார்கள்.

மூன்றாவதை எந்தப் படமும் காட்டாது. பொறி சரியாக இருக்கும், மணற்கல்லும் நன்றாக இருக்கும், ஆனால் எண்ணெய் நகர்ந்து வந்த காலத்துக்குப் பிறகுதான் அந்த மேடு உருவாகியிருக்கும். அல்லது ஒரு நிலப்பிளவு வழியாக எல்லாம் எப்போதோ கசிந்து போயிருக்கும். வடிவத்தைத்தான் தேடுகிறோம் என்று முன்பு சொன்னேன் அல்லவா? வடிவம் இருந்து உள்ளே வெறும் உப்புத் தண்ணீர் இருந்தால், அதைக் கிணறுதான் சொல்லும். சீஸ்மிக் செய்வது எங்கே தோண்டக் கூடாது என்பதையும், தோண்டினால் எங்கே நம்பிக்கை அதிகம் என்பதையும் சொல்வது. என் வேலையை நான் மதிப்பது அதற்காகத்தான்.

எத்தனை பீப்பாய் இருக்குன்னு தோண்டாமலே எப்படிச் சொல்றாங்க?

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். பொறியின் பரப்பு 10 சதுர கிலோமீட்டர், மணற்கல்லின் கனம் 20 மீட்டர். பாறையின் கன அளவு 20 கோடி கன மீட்டர். அதில் துளை 25 விழுக்காடு என்றால் 5 கோடி. துளையில் எண்ணெய் 60 விழுக்காடு, மீதி தண்ணீர் என்றால் 3 கோடி. மேலே வரும்போது கரைந்திருந்த வாயு பிரிந்து எண்ணெய் சுருங்கும். 1.2-ஆல் வகுத்தால் 2.5 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 15.7 கோடி பீப்பாய். அதிலும் வெளியே எடுக்க முடிவது பெரும்பாலும் ஒரு பங்குதான். மூன்றில் ஒரு பங்கு என்றாலே திருப்தி அடைய வேண்டும்.

இதில் சீஸ்மிக் தருவது பரப்பும் கனமும். கனத்தில்தான் வில்லங்கம். பாறையில் ஒலி வேகம் 3000 மீட்டர், அலையின் அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால்வாசியைவிட மெல்லிய அடுக்கின் மேல்முகமும் கீழ்முகமும் தனித்தனியாகத் தெரியாது. அதாவது 25 மீட்டர். நம் மணற்கல்லோ 20 மீட்டர்! எதிரொலியின் பலத்தை வைத்து மறைமுகமாகத்தான் கனத்தை ஊகிக்க வேண்டும். அது 10 மீட்டராக இருந்துவிட்டால் பீப்பாய்க் கணக்கு பாதியாகிவிடும். அதனால்தான் பொறுப்பாகக் கணக்குப் போடுபவர்கள் ஒரே எண்ணைச் சொல்லாமல், குறைந்தது இவ்வளவு, அதிகம் போனால் இவ்வளவு என்று சொல்வார்கள்.

பத்து ஆராங்ல நிலக்கரி தோண்டினாங்களே, அங்க எண்ணெய் இருக்காதா?

சிலாங்கூரில் உள்ள பத்து ஆராங் சுரங்கத்தில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி எடுத்தார்கள். மூலப்பாறை அங்கே இருக்கிறது, எண்ணெய்ச் சத்துள்ள களிப்பாறைகூட உண்டு. ஆனால் அது சின்னப் பள்ளம், படிவத்தின் கனம் சில நூறு மீட்டர்தான். வாளி மணல் கேள்வியில் சொன்ன சூடு அதற்குக் கிடைக்கவே இல்லை. வேகாத அரிசி போல அந்தச் சத்து பாறைக்குள்ளேயே நின்றுவிட்டது.

இப்படி அதிரவச்சா நிலநடுக்கம் வராதா?

வராது. அந்த லோரிகளின் அதிர்வு பக்கத்தில் நிற்பவருக்குக் காலில் தெரியும், சற்றுத் தள்ளிப் போனால் கருவிக்கு மட்டும்தான் தெரியும். 2015-ல் சபாவின் ரானாவில் வந்த 6.0 அளவு நிலநடுக்கமும், 2004 டிசம்பர் 26-ல் சுமத்ராவில் வந்ததும் கிலோமீட்டர் கணக்கில் பாறை பிளந்து நகர்ந்ததால் வந்தவை. அந்த விசை எந்தக் கருவிக்கும் கிடையாது.

நம்ம நிலத்துக்கு அடியில வந்துச்சுன்னா நமக்குச் சொந்தமா? ஒருத்தர் எண்ணெய் தேடுறோம், பங்கு வாங்குங்கன்னு வேற சொல்றார்.

நிலப்பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் எண்ணெய் உங்களுடையது ஆகாது. 1974-ஆம் ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் அந்த உரிமையைத் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸிடம் கொடுத்துவிட்டது. தேடுகிற நிறுவனம் எதுவானாலும் அதோடு ஒப்பந்தம் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

பங்கு வாங்கச் சொல்பவரிடம் அந்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்த ஆண்டில் சீஸ்மிக் எடுத்தது, 2டியா 3டியா, பக்கத்தில் ஏற்கெனவே தோண்டிய கிணறு எது, அதில் என்ன வந்தது என்றும் கேளுங்கள். கையில் பிடிக்கும் மிஷின் ஒன்று எண்ணெயைக் காட்டிக்கொடுக்கிறது என்றால், ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். பத்து கிலோமீட்டர் கேபிளை இழுத்துப் போனாலும் எண்ணெயை நேரே பார்க்க முடியாது என்பதைத்தான் இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன்.

பொம்பளப் பிள்ளைய இதுக்குப் படிக்க வைக்கலாமாம்மா? கப்பல்லயே கிடக்கணுமா? பெட்ரோலே இல்லாம போயிட்டா என்ன செய்றது?

தாராளமாகப் படிக்க வைக்கலாம். கப்பலுக்குப் போவது விருப்பப்பட்டவர்கள். தரவைச் சீர்செய்வதும் படத்தைப் படித்துப் பொருள் சொல்வதும் அலுவலக வேலை. நான் செய்வதும் அதுதான். எஸ்பிஎம் தேர்வில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் நன்றாக வர வேண்டும். அப்புறம் புவியியற்பியல் அல்லது நிலவியல். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. நம் பேராக்கிலேயே, ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இங்கிருந்து காரில் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். கட்டணமும் உதவித்தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், விண்ணப்பிக்கும் முன் அவர்களிடமே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய்த் தேவை குறைந்தாலும் நிலத்துக்குள் பார்க்கும் தேவை குறையாது. நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் கரியமில வாயுவைக் கடலடி மணற்கல்லுக்குள் செலுத்திப் பூட்டி வைக்கிறார்கள். உள்ளே போன வாயு எங்கே பரவுகிறது, மூடுபாறையைத் தாண்டுகிறதா என்பதை மேலே சொன்ன 4டி முறையில்தான் கண்காணிக்கிறார்கள். நம் ரோட்டோரத்தில் சுத்தியலோடு வந்தவர்களும் இதே படிப்பைப் படித்தவர்களாக இருக்கலாம். அடுத்த தடவை வந்தால், பிள்ளையைக் கூட்டிப் போய் அந்த ஜியோபோனைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள்.